முக்குளிப்பானும் வல்லூறும்: பறவை பார்க்கப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் பறவை பார்க்கத் தொடங்கிய முதல் வருடம், வல்லூறு என்ற சிறு வேட்டைப் பறவையைப் பார்த்ததாக, பறவை பார்ப்பவர்கள் பதிவுகளை ஏற்றும் ஈபேர்ட் தளத்தில் நான் எட்டு முறை பதிவு செய்தேன். அதில் ஐந்து வல்லூறே இல்லை, அக்காக்குயில். பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், "எதை வைத்து வல்லூறு என்று முடிவு செய்தீர்கள்?" என்று பணிவாகக் கேட்டு எழுதியிருந்தார். என் நோட்டில் "சாம்பல் நிறம், வயிற்றில் கோடுகள்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஐந்தையும் அழித்தேன். அதே வருடம் கோடையில், குளத்தில் மூழ்கி எழுந்த பழுப்புப் பறவையை "வாத்துக் குஞ்சு" என்று எழுதி வைத்திருந்தேன். அது வளர்ந்த முக்குளிப்பான். மழைக்காலத்தில் செம்பழுப்புக் கழுத்தோடு பார்த்த அதே பறவைதான்.

இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றே: நிறத்தை நம்பினேன். அதனால்தான் புதிதாக வருபவர்களுக்கு இந்த இரண்டு பறவைகளை மட்டும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். முக்குளிப்பானின் நீளம் 25 முதல் 29 செ.மீ., வல்லூறு 26 முதல் 30 செ.மீ. அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் தமிழ்நாட்டில் வருடம் முழுக்க இருப்பவை, ஊருக்குள்ளேயே கிடைப்பவை. ஆனால் ஒன்றின் உடல் நீருக்கடியில் ஓடுவதற்காக ஆனது, மற்றது மரக்கிளைகளுக்கு நடுவே பாய்வதற்காக ஆனது. இவற்றின் உடம்பைப் பார்க்கப் பழகிவிட்டால் மூன்றாவது பறவை தானாகப் புரியத் தொடங்கும். ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

1. முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

முக்குளிப்பானில் குழப்பம் குறைவு. ஆங்கிலத்தில் லிட்டில் கிரீப், அறிவியல் பெயர் டாகிபாப்டஸ் ரூஃபிகோலிஸ். வல்லூறில்தான் சிக்கல். இதையே வைரி என்று எழுதுபவர்கள் உண்டு. வல்லூறு என்ற சொல்லை வேறு வகை வேட்டைப் பறவைகளுக்கும் சொல்பவர்கள் உண்டு. நான் இங்கே சொல்வது ஷிக்ரா. பழைய புத்தகங்களில் ஆக்ஸிபிட்டர் பாடியஸ் என்று இருக்கும். 2024-இல் ஈபேர்ட் பட்டியலில் டாகிஸ்பைசா பாடியா என்று மாறியது. பெயர் வேறாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பறவை ஒன்றுதான். நோட்டின் முதல் பக்கத்தில் ஷிக்ராவோடு இந்த இரண்டு அறிவியல் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. செலவு: பைனாகுலர் ஒன்று போதும்

ஈபேர்ட் கணக்கு இலவசம். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியும் இலவசம், ஆனால் இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையில் முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள். குளக்கரையில் நின்று இறக்க முயன்றால் காலை நேரம் போய்விடும். ஒரு சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனியில் தாள் நனைந்தால் எழுதாது.

பணம் போவது பைனாகுலரில் மட்டும்தான். 8×42 வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தே கால். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அது. கடைக்காரர் "20×50 இருக்கு, இன்னும் பெரிசாத் தெரியும்" என்பார். 50-ஐ இருபதால் வகுத்துப் பாருங்கள், இரண்டரைதான் வரும். காலை ஆறரை மணிக்கு அதில் இருட்டாகத் தெரியும். கை நடுக்கமும் இருபது மடங்காகும். வல்லூறு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போக இரண்டு வினாடி எடுத்துக்கொள்ளும். அந்தக் குறுகிய வட்டத்துக்குள் அதைப் பிடிக்கவே முடியாது. நான் முதலில் அப்படி ஒன்றை வாங்கி, நான்கு மாதம் கழித்து எட்டாயிரம் ரூபாய் கொடுத்து 8×42 வாங்கினேன். முதலில் போட்ட பணம் திரும்ப வரவில்லை.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்ணாடியோடு பார்த்தால் முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். ரப்பர் வளையங்களை உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் யாரும் சொல்லித் தராத ஒரு வேலை: வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் மூன்று வாரம் தலைவலியோடு அலைந்தேன்.

கேமரா இப்போது வேண்டாம். பைனாகுலரைப் போலப் பல மடங்கு விலை என்பது ஒரு காரணம். படம் எடுக்கும் அவசரத்தில் பறவை என்ன செய்கிறது என்று பார்க்காமல் விட்டுவிடுவோம் என்பதுதான் பெரிய காரணம்.

3. அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும்

ஊர்க் குளங்களின் கரையில் நடக்கப் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் பைனாகுலரோடு காலையில் தனியாக நிற்பவரைப் பார்த்தால் விசாரிப்பது இயல்பு. ஆதார் நகலோ ஓட்டுநர் உரிமமோ பையில் இருக்கட்டும். குளத்துக்கு எதிரே வீடுகள் இருந்தால் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம். மீன் குத்தகை எடுத்தவர்கள் கரையில் இருந்தால் முதல் நாளே வணக்கம் சொல்லி, எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். முக்குளிப்பான் எந்த மூலையில் கூடு கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

வல்லூறு பார்க்கத்தான் வளாகங்களுக்குள் போக வேண்டிவரும், பழைய மரங்கள் நிற்பது அங்கேதான். ஒரு கல்வி வளாகத்தின் வாசலில் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை கடிதத்தோடு போனேன். கடிதத்தில் இருக்க வேண்டியவை: பெயர், முகவரி, கைபேசி எண், எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நோக்கம், ட்ரோன் பயன்படுத்த மாட்டோம் என்ற ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாததால் என் முதல் கடிதம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்கு அனுமதி கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அதனால் குளத்து வேலையைத் தொடங்கும் நாளிலேயே வளாகத்துக்கான கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் போக மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். இந்த இரண்டு பறவைகளுக்காக அங்கே போக வேண்டிய தேவையே இல்லை.

4. முதல் இரண்டு வாரம்: குளத்தில் முக்குளிப்பான்

காலை ஆறரைக்கு கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் விழும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாப் பறவையும் கருப்பு நிழலாகத்தான் தெரியும். கோவையில் இருப்பவர்களுக்கு சிங்காநல்லூர் குளம் நல்ல இடம். மற்ற ஊர்க்காரர்கள் சம்பும் கோரையும் ஓரத்தில் வளர்ந்து, நடுவில் திறந்த நீர் இருக்கும் எந்தக் குளத்தையும் ஏரியையும் எடுத்துக்கொள்ளலாம். ஆகாயத்தாமரை முழுதாக மூடிவிட்ட நீரில் இது இருக்காது, மூழ்கி எழ இடம் வேண்டும்.

முதல் நாள் ஒரே ஒரு வேலைதான். ஒரு முக்குளிப்பானைத் தேர்ந்துகொண்டு, அது மூழ்கியதும் கைபேசியில் வினாடி எண்ணுங்கள். பெரும்பாலும் பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் எழும். எழும் இடம் மூழ்கிய இடமாக இருக்காது. இருபது முறை எண்ணிவிட்டீர்கள் என்றால், எந்தப் பக்கம் எழும் என்று கண்ணே ஊகிக்கத் தொடங்கும். பயந்தால் வேறு மாதிரி செய்யும்: இறகுகளை உடம்போடு அழுத்திக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய மெல்ல அமிழும். அந்தத் தலையும் போன பிறகு, சம்புத் தண்டுகளுக்கு நடுவே எங்கோ எழுந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் நாள் உடம்பைப் பாருங்கள். வால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும். அலகு குட்டை, கூர். இனப்பெருக்கக் காலத்தில் கன்னமும் கழுத்தும் செம்பழுப்பு, அலகின் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு புள்ளி. அந்த மஞ்சள் புள்ளி தூரத்திலும் பளிச்சென்று தெரியும். மற்ற மாதங்களில் செம்பழுப்பு போய், மங்கலான பழுப்பு மட்டும் மிஞ்சும். நான் ஏமாந்தது அங்கேதான்.

ஏமாற்றும் மற்றவை இவை. நாமக்கோழியும் மூழ்கும், ஆனால் அது கருப்பு, நெற்றியில் வெள்ளை நாமம், உருவமும் பெரிது. நீர்க்காகமும் மூழ்கும். ஆனால் அதற்கு நீண்ட வால் உண்டு, அலகு நுனியில் கொக்கி உண்டு, மூழ்கி முடித்ததும் கட்டையில் ஏறிச் சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும். முக்குளிப்பான் அப்படிச் செய்து பார்க்கவே மாட்டீர்கள். கால்கள் உடலின் கடைசியில் இருப்பதால் அதற்குக் கரையில் நிற்பதே சிரமம்.

மழைக்குப் பின் குளம் நிறையும்போது கூடு கட்டும். அழுகிய பாசியையும் தண்டுகளையும் குவித்த ஒரு ஈரக் குவியல், மிதக்கும், பக்கத்துச் செடியோடு பிணைந்திருக்கும். ஒரு நாள் அறுபதடி தூரத்திலிருந்து பார்த்தேன். கூட்டில் இருந்த பறவை எழுந்து, அலகால் இடதும் வலதுமாகப் பாசியை இழுத்து முட்டைகள் மேல் போட்டது. நாலைந்து இழுப்புதான். வெள்ளை எதுவும் தெரியாமல் மூடிவிட்டு நீரில் வழுக்கி இறங்கியது. நீங்கள் திடீரென்று பக்கத்தில் போனால் அதற்கு இந்த நாலைந்து இழுப்புக்கு நேரம் இருக்காது. திறந்து கிடக்கும் முட்டை காக்கைக்குத்தான். கூடு தெரிந்தால் பின்னால் நகருங்கள். முட்டை பொரிக்க ஏறக்குறைய இருபது நாள். அப்புறம் தலையில் கோடு போட்ட குஞ்சுகள் தாய் முதுகில் ஏறிச் சவாரி செய்வதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

குரலையும் பழகுங்கள். குதிரைக் கனைப்பை வேகமாகச் சிறிதாக்கியது போல, நடுங்கி இறங்கும் ஒரு தொடர் ஒலி. இரண்டாம் வாரம் முடிவதற்குள் குளத்தைப் பார்க்காமலே அது அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும்.

5. அடுத்த நான்கு வாரம்: மரத்தடியில் வல்லூறு

இதற்கு இரண்டு மடங்கு நாள் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முக்குளிப்பான் எங்கே மூழ்கினாலும் அதே குளத்தில்தான் எழும். வல்லூறு போனால் போனதுதான். முதல் ஒன்பது காலைகளில் எனக்கு மொத்தமாகக் கிடைத்தது பதினைந்து வினாடி இருக்கும்.

எட்டு மணிக்குப் போனால் போதும். வேம்பு, வாகை, தூங்குமூஞ்சி மாதிரி அடர்ந்த மரங்களும் நடுவே கொஞ்சம் வெட்டவெளியும் இருக்கும் இடமாகப் பாருங்கள். நடக்காதீர்கள், உட்காருங்கள். கண்ணால் தேடாமல் காதைத் தீட்டுங்கள். அணில் விடாமல் ஒரே சுரத்தில் கத்தத் தொடங்கும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சலிடும், மைனாக்கள் சட்டென்று அடங்கும். அந்த மரத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள், உச்சியை அல்ல. இலைக்கு நடுவே தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

கிடைத்தால் இந்த வரிசையில் பாருங்கள்: கால், அலகு, வால், பிறகு கண். நிறம் கடைசி. கால் மஞ்சள், மெலிந்து நீண்டது, நகம் தெளிவாகத் தெரியும். அலகு குட்டை, அடியிலிருந்தே வளைந்த கொக்கி. வால் நீளம், குறுக்குப் பட்டைகள். வளர்ந்த ஆணுக்குக் கண் சிவப்பு. பெண்ணுக்கு அவ்வளவு சிவப்பு இருக்காது, மஞ்சள் அல்லது ஆரஞ்சு, ஆணைவிடப் பெண் உருவத்தில் பெரிது. இளம்பறவை முற்றிலும் வேறு உடை: மேலே பழுப்பு, மார்பில் குறுக்குக் கோடுக்குப் பதில் கீழ்நோக்கிய தீற்றல்கள், மஞ்சள் கண். "இது வேறு இனம்" என்று நான் எழுதிய இரண்டு பதிவுகள் இந்த இளம்பறவைகள்தான்.

பறக்கும்போது: நாலைந்து வேகமான சிறகடிப்பு, ஒரு வழுக்கல், மறுபடி சிறகடிப்பு. சிறகு குட்டை, நுனி வட்டம். வானில் பெரிதாக வட்டமிட்டு, பிளவுபட்ட வாலை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தால் அது கரும்பருந்து.

இப்போது அந்த ஐந்து பதிவுகளின் கதை. அக்காக்குயில் நிறத்திலும் பறக்கும் விதத்திலும் வல்லூறு மாதிரியே இருக்கும். குருவிகளே ஏமாந்து கூச்சலிடும். நான்கு இடத்தில் பிரியும்:

அக்காக்குயிலின் அலகு நேராகப் போய் நுனியில் மட்டும் லேசாக வளையும், கொக்கி இல்லை. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். கால் குட்டை, விரல் இரண்டு முன்னால் இரண்டு பின்னால், வல்லூறுக்கு மூன்று முன்னால் ஒன்று பின்னால். கிளையில் வந்து உட்கார்ந்ததும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். கோடையில் குரல் ஏறிக்கொண்டே போகும் மூன்று சுரக் கூவல் கேட்டால் சந்தேகமே வேண்டாம், அது அக்காக்குயில்.

குரலை மட்டும் நம்பியும் பதிவு செய்யாதீர்கள். வல்லூறின் "கீ-கீக்" போன்ற இரட்டைக் குரலைக் கரிச்சான் அச்சு அசலாகச் செய்யும். அதைக் கேட்டு மைனா பயந்து ஓட, மைனா விட்டுப்போன இரையைக் கரிச்சான் எடுத்துக்கொள்வதுண்டு. மெர்லின் செயலி "ஷிக்ரா" என்று காட்டினாலும், கண்ணால் பார்க்கும் வரை நோட்டில் கேள்விக்குறியோடு இருக்கட்டும்.

6. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் முக்குளிப்பான், வலப்பக்கம் வல்லூறு. நிறத்துக்கு வரி ஒதுக்காதீர்கள். கால், அலகு, வால், சிறகு, இரை, பயந்தால் என்ன செய்யும் என்று ஆறு வரி போதும்.

கால் வரியை எழுதும்போது எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. முக்குளிப்பானின் விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போன்ற சவ்வு கிடையாது. ஒவ்வொரு விரலிலும் இலை மாதிரி தட்டையான மடல் உண்டு. பின்னால் உதைக்கும்போது மடல் விரிந்து நீரைத் தள்ளும், முன்னால் இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும். வல்லூறின் காலோ பிடிப்பதற்கான கை. ஓணான், அணில், தவளை, எலி, சிறு குருவி, தும்பி என்று எல்லாவற்றையும் அலகால் அல்ல, காலால்தான் பிடிக்கிறது. வால் வரியும் அப்படித்தான். கிளைகளுக்கு நடுவே சட்டெனத் திரும்ப வல்லூறுக்கு நீண்ட வால் வேண்டும். முக்குளிப்பானுக்கு வால் வேண்டாம், காலே அந்த வேலையையும் பார்க்கிறது. பறக்க வேண்டுமென்றால் மட்டும் நீர்மேல் சடசடவென்று ஓடித்தான் எழ வேண்டும்.

7. பட்டியலை ஏற்றும்போது

கரையில் இருக்கும்போதே ஈபேர்ட் செயலியில் பட்டியலைத் தொடங்குங்கள், நேரமும் தூரமும் தானாகப் பதிவாகும். பதினைந்து நிமிடம் போதும். நடந்தால் பயணப் பட்டியல், ஒரே இடத்தில் நின்றால் நிலைப் பட்டியல். முடிவில் "அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா?" என்று கேட்கும். முக்குளிப்பானையும் வல்லூறையும் மட்டும் எழுதிவிட்டு காக்கையையும் மைனாவையும் விட்டிருந்தால் "இல்லை" என்று சொல்லுங்கள். இங்கே பொய்யாக "ஆம்" போட்டால், அந்தக் குளத்தில் அன்று காக்கையே இல்லை என்று பதிவாகிவிடும்.

எண்ணிக்கைக்குப் பதில், எண்ணாமல் இருந்தது என்று மட்டும் காட்டும் எக்ஸ் (X) போடாதீர்கள். பதினேழு முக்குளிப்பான் என்று எண்ணினால் பதினேழு. மூழ்கிக்கொண்டே இருப்பதால் எண்ணுவது கடினம். மூன்று முறை எண்ணி, அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். வல்லூறுக்குக் குறிப்புப் பெட்டியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "கொக்கி அலகு, நீண்ட மஞ்சள் கால், சிவப்புக் கண்." அந்த ஒரு வரி என்னிடம் இருந்திருந்தால் ஐந்து பதிவுகளை எப்போதோ சரிசெய்திருப்பேன்.

ஜனவரியில் தொடங்க முடிந்தால் நல்லது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை. அனுபவமுள்ளவர் பக்கத்தில் ஒரு காலை நிற்பது, தனியாக ஒரு மாதம் நிற்பதற்குச் சமம்.

8. கீழே கிடக்கும் பறவையைப் பார்த்தால்

இது உங்களுக்கு ஒரு நாள் நேரும், பறவை பார்ப்பவர் என்று தெரிந்ததும் தெருவில் எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மழை இரவுக்கு மறுநாள் சாலையிலோ மொட்டை மாடியிலோ முக்குளிப்பான் நகர முடியாமல் கிடந்தால், கால் ஒடிந்தது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். தரையிலிருந்து அதனால் எழும்ப முடியாது, அவ்வளவுதான். துண்டால் மூடி எடுத்து, ரத்தமோ தொங்கும் சிறகோ இல்லையென்றால், பக்கத்துக் குளத்தில் நீரின் மேல் மெல்ல வைத்துவிடுங்கள். அலகு கூர், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

வல்லூறுக் குஞ்சு மரத்தடியில் இருந்தால், நாயும் பூனையும் வராமல் பார்த்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள், தாய் பெரும்பாலும் மேலேயே இருக்கும். அடிபட்டிருந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். சோறு, பால், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பாசத்தில்கூட வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போன் செய்த நேரம், பேசியவரின் பெயர், பறவை கிடந்த இடம் மூன்றையும் அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து எடுத்துப்போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.